பந்து கொடுத்த வள்ளல்

தலைவர்: “...அவர் பிறந்த அன்று வானத்தில் ஒரு நட்சத்திரம் சற்று அதிகமாகவே மின்னியதாகப் பெரியவர்கள் கூறுவர்.” எப்படி இருக்கு?

சுவர்: நல்லா இருக்கு தம்பி. இது யாரு பொறந்த கதை?

தலைவர்: எங்கப்பா பொறந்த கதை, சுவரம்மா. மூணாவது அத்தியாயம்.

சுவர்: மூணாவதுலதான் பொறக்கறாரா? அப்ப முதல் ரெண்டுல என்ன நடக்குது?

தலைவர்: கொள்ளுத்தாத்தா. அப்புறம் தாத்தா.

சுவர்: ம்... அட்டையில என்ன பேரு போடறதாச் சொன்னீங்க?

தலைவர்: ‘பெண்கள் கால்பந்துக் கழக வரலாறு.’ நாற்பதாம் ஆண்டு விழாவுல வெளியிடறோம்.

சுவர்: பொண்ணுங்க எப்ப வர்றாங்க?

தலைவர்: முதல் அத்தியாயத்துலயே வந்துட்டாங்களே! கொள்ளுப்பாட்டி.

சுவர்: அவங்க முன்னாடி ஆடினாங்களா, பின்னாடியா?

தலைவர்: உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. கேப்டன் அம்மா, நீங்க சொல்லுங்க. நடை எப்படி?

கேப்டன்: ம்ம்... ம்.

தலைவர்: என்னது?

சுவர்: வாய்ல குண்டூசி. பொண்ணுங்க ஜெர்சிக்கு நம்பர் வெச்சுத் தைக்கறா. தையக்கடைல வந்து டெய்லர்கிட்ட பேச்சுக் குடுத்தா ஊசிதான் பதில் சொல்லும். அதுலயும் என் நாத்தனார் இருக்காளே... பிடிக்காத கேள்வின்னா ரெண்டு ஊசியா எடுத்து வெச்சுக்குவா.

கேப்டன்: ம்ம்!

தலைவர்: சரி, ஒன்பதாவது அத்தியாயத்துக்குப் போறேன். அதுல நீங்க ரெண்டு பேரும் வர்றீங்க.

சுவர்: அப்பாடா, வந்துட்டோமா!

தலைவர்: “நூல் மில்லின் மேனேஜராக விளங்கிய அந்தப் பெருந்தகை, சாப்பாட்டு இடைவேளையில் வெட்டிப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்த பெண் தொழிலாளர்களைக் கண்டு மனம் வெதும்பினார்...”

சுவர்: வெட்டிப் பேச்சா? காலைலேர்ந்து நின்னுக்கிட்டே நூல் சுத்தினவளுக்குப் பேசத் தெம்பு எங்க தம்பி இருக்கும்?

தலைவர்: அது ஒரு நடைக்காக. “‘பெண்ணே, நீயும் ஓடு!’ என்று முழங்கி, தன் சொந்தச் செலவில் தருவித்த தோல் பந்தைக் கேப்டனின் கரங்களில் ஒப்படைத்தார்.” இங்கதான் இந்தப் படம் வருது. பெருசு பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க. அப்பா ஒரு கையால, இல்ல, ரெண்டு கையாலயும் குடுக்கறார். கேப்டன் அம்மா ரெண்டு கையாலயும் வாங்கறாங்க. பின்னாடி கோல் கம்பத்துல நீங்க நிக்கறீங்க.

சுவர்: அது கோல் கம்பம் இல்ல. துணி காயப்போடற கம்பம்.

தலைவர்: அப்பா முகத்தைப் பாருங்க. எவ்வளவு சிரிப்பு!

சுவர்: ஆமா... பல்லெல்லாம் தெரியுது.

தலைவர்: அது தாயுள்ளம் கொண்ட சிரிப்பு.

சுவர்: ம்க்கும்.

தலைவர்: என்னாச்சு?

சுவர்: தொண்டைல தூசு. பழைய மில் தூசு, அப்பப்ப மேல வரும். ஆனா தம்பி, அது தோல் பந்து இல்லியே. ரப்பர் பந்துல்ல? சின்னதா, மஞ்சளா, பிடிச்சாக் கையில ஒட்டும்...

கேப்டன்: அண்ணி!

தலைவர்: ஊசி விழுந்துடுச்சு பாருங்க. மஞ்சளா? படம் கறுப்பு வெள்ளை, அதனால தெரியல. இருங்க, எழுதிக்கறேன்... “பொன்னிறப் பந்து.” ஆஹா! சுவரம்மா, உங்களுக்கு ஒரு அடிக்குறிப்பு நிச்சயம்.

சுவர்: அடியிலதானே? வேண்டாங்க, குனிஞ்சு படிக்க முடியாது.

தலைவர்: கேப்டன் அம்மா, இப்ப ஒரு சின்ன உதவி. இந்தப் படத்தை வெச்சுத்தான் அப்பாவுக்குச் சிலை செய்யறோம். வெண்கலம். சிலை செய்யறவர், ‘படத்துல முன்பக்கம்தான் தெரியுது, பக்கவாட்டுல கை எப்படி இருக்குன்னு நின்னு காட்டுங்க’ன்னு சொல்லியிருக்கார். நான் அப்பா மாதிரி நிக்கறேன். எல்லாரும் சொல்றாங்க, அச்சு அசல் அவர்தான்னு. இதோ பந்து. நீங்க அன்னைக்கு வாங்கின மாதிரியே வாங்குங்க. சுவரம்மா, நீங்க என் போன்ல ஒரு படம் எடுங்க.

சுவர்: எங்க அமுக்கணும்?

தலைவர்: இந்த வட்டத்துல. ஆங்... நிக்கறேன். நெஞ்சோட பந்து. சிரிக்கறேன். வாங்குங்கம்மா... மெதுவா... அம்மா! அம்மா, மெல்ல... ஐயோ!

சுவர்: தம்பி! மெஷின் மேல விழாதீங்க! அடி எதுவும் படலியே?

தலைவர்: பரவால்ல... முழங்கை மட்டும்தான். கேப்டன் அம்மா, குடுக்கறப்ப எதுக்கு இப்படி இழுக்கறீங்க?

கேப்டன்: கை அப்படியே பழகிடுச்சு தம்பி. மன்னிச்சுக்கோங்க.

சுவர்: கழகத்து வழக்கமே அதானே. வருஷா வருஷம் முதல் ஆட்டத்துக்கு முன்னாடி தலைவர் பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கணும், கேப்டன் ரெண்டு தரம் இழுத்துத் திமிறி மூணாவது தரம் வாங்கணும். நீங்களே போன சீசன்ல குடுத்தீங்களே.

தலைவர்: தெரியும், தெரியும். அதைப் பத்தி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கேன். “உரிமை என்பது கேட்டுப் பெறுவதல்ல, இழுத்துப் பெறுவது என்பதைப் பெண்களுக்கு உணர்த்தவே அந்தத் தீர்க்கதரிசி பந்தை உடனே விடாமல் பிடித்துக்கொண்டார்.”

சுவர்: ம்க்கும்... ம்க்கும்.

தலைவர்: தண்ணி குடிங்கம்மா. அந்த ஒரு இழுப்புக்குள்ள எவ்வளவு தத்துவம் வெச்சிருக்கார் பாருங்க!

கேப்டன்: சிலையை எங்க வைக்கப் போறீங்க தம்பி?

தலைவர்: அதைத்தான் சொல்ல வந்தேன். மைதானத்துக்கு நடுவுல.

சுவர்: நடுவுலன்னா... நட்ட நடுவுலயா?

தலைவர்: அந்த வட்டம் போட்டிருக்குல்ல, சரியா அங்க.

சுவர்: அப்ப பொண்ணுங்க சிலையைச் சுத்தி ஓடணுமா? தம்பி, எம் மருமக கோல் கிக் அடிச்சா உங்கப்பாவுக்கு மூக்கு மிஞ்சாது. வீட்ல எம் பேச்சைக் கேக்காதவ, கோல்ல நின்னா அப்படியே நான்தான்.

தலைவர்: அந்தக் கவலையே வேண்டாம். ஏன்னா... எப்படிச் சொல்றது... சிலைக்கு மேல ஒரு கூரை வருது.

கேப்டன்: கூரையா?

தலைவர்: கூரைன்னா சுவரும் வருமில்லியா. நினைவு மண்டபம். கீழ கார் நிறுத்தற இடம், மேல பெரிய ஹால். விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம். ஏசி உண்டு.

சுவர்: எங்க மைதானத்துலயா?

தலைவர்: அப்பா பேர்லதானேம்மா வருது!

சுவர்: பொண்ணுங்க எங்க விளையாடுவாங்க?

தலைவர்: அவங்களை விட்டுருவோமா? முதல் மாடில தனியா ஒரு ரூம். ‘பெண்கள் கால்பந்து அறை.’ அதுல மேசைக் கால்பந்து வைக்கறோம். கம்பியைத் திருகினா குட்டிக் குட்டி பொம்மை உதைக்கும். மழை, வெயில் ஒண்ணும் படாது. முட்டி தேயாது.

சுவர்: அப்ப கழகம்?

தலைவர்: கழகம் இருக்கும். மைதானம்தான் இருக்காது.

சுவர்: இதை யாரு முடிவு பண்ணினது?

தலைவர்: செயற்குழு. ஒருமனதா.

சுவர்: செயற்குழுல யாரெல்லாம் இருக்கீங்க?

தலைவர்: நான், என் மச்சான், நம்ம ஆடிட்டர்.

சுவர்: அதுல பந்தை உதைச்சவங்க யாராவது?

தலைவர்: மச்சான் டிவில பார்ப்பார்.

சுவர்: எனக்கு வயிறு எரியுது தம்பி. மறைக்கத் தெரியல, சொல்லிட்டேன். நாங்க ஷிஃப்ட் முடிஞ்சு முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிச் சுத்தம் பண்ணின தரை அது. இவ புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கிட்டு ஓடினா. எங்க வீட்டுக்காரர், இவ கூடப் பொறந்த அண்ணன், ‘ஒரே வீட்லேர்ந்து ரெண்டு பேரு எதுக்கு’ன்னு கத்தினார். மேட்ச் அன்னைக்குக் கைதட்ட முதல் ஆளா வந்து நின்னார். எனக்குச் சுவர்னு பேரு வந்ததே அங்கதான். இன்னைக்கு எம் மருமகளும் இன்னும் பதினஞ்சு பொண்ணுங்களும் சாயங்காலம் ஆனா அங்கதான் மூச்சு விடறாங்க. அதுல போய்க் காரை நிறுத்துவீங்களா?

தலைவர்: உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரு விஷயம் கேளுங்க, நீங்க எவ்வளவு கோல் தடுத்தீங்க? அதை வரலாற்றுல போட்டுடறேன்.

சுவர்: நான் விட்ட கோலுக்கெல்லாம் இவதான் காரணம், அதைப் போடுங்க. எதிராளி பந்தோட வர்றப்ப மத்த டீம்ல எல்லாம், ‘இடது!’ன்னு கத்துவாங்க. இவ, ‘அண்ணி, கொஞ்சம் இடப்பக்கம் பாருங்க அண்ணி’ம்பா. வாக்கியம் முடியறதுக்குள்ள கோல் விழுந்துடும்.

கேப்டன்: அண்ணனுக்குத் தெரிஞ்சா மரியாதை இல்லாமக் கூப்பிட்டேன்னு திட்டுவார்னு பயம்.

தலைவர்: இதெல்லாம் புத்தகத்துக்கு வேண்டாம். கம்பீரம் குறையும்.

கேப்டன்: தம்பி, உங்களுக்கு இந்த மைதானத்து மேல பாசமே கிடையாதா? நீங்க சின்னதுல மதில் மேல உக்காந்து பார்ப்பீங்களே.

தலைவர்: உண்மையைச் சொல்லட்டுமா... எனக்குப் பந்துன்னாலே ஒரு கசப்பும்மா. அப்பா மேல எனக்கு இருந்த ஒரே வருத்தம் அதான். ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் பந்து குடுத்த வள்ளல், எனக்குன்னு ஒண்ணு வாங்கிக் குடுக்கல.

சுவர்: ஒண்ணு கூடவா?

தலைவர்: ஒண்ணு இருந்துச்சு. என் அஞ்சாவது பொறந்தநாளுக்கு வந்தது. ஒரு நாள் மதில் தாண்டி மில்லுக்குள்ள போயிடுச்சு. நான் ஒரே அழுகை. அப்பா சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, ‘இரு, வாங்கிட்டு வரேன்’னு கோபமாக் கிளம்பினார். வெறுங்கையோட வந்தார். ‘கெடைக்கல’ன்னுட்டார். அதுக்கப்புறம் அவர் வாங்கவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல.

சுவர்: அது... என்ன கலர் தம்பி?

தலைவர்: யாருக்கு ஞாபகம் இருக்கு. மஞ்சளோ என்னமோ.

கேப்டன்: ம்ம்... ம்.

தலைவர்: எதுக்கு இப்ப மறுபடியும் ஊசி? ஆனா பாருங்க, இப்பத்தான் தோணுது... உங்களுக்கு அப்பா பந்து குடுத்ததும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். அதுவும் மஞ்சள்! அப்ப என் அழுகையைப் பார்த்துத்தான் அவர் மனசுல ஏதோ புரண்டிருக்கு. ஒரு பிள்ளைக்குக் கெடைக்காதது ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கெடைக்கட்டும்னு... “மகனின் கண்ணீரில் மலர்ந்த கழகம்!” பத்தாவது அத்தியாயத்துக்குத் தலைப்புக் கெடைச்சாச்சு!

சுவர்: இது மட்டும் சத்தியமான வார்த்தை தம்பி. மாத்திடாதீங்க.

தலைவர்: நிஜமாவா? நீங்க பாராட்டறது இதான் முதல் தடவை. சரி, நேரமாச்சு. இன்ஜினியர் நாளைக்கு மைதானத்துல அளவு எடுக்க வர்றார். பொண்ணுங்களைக் கொஞ்சம் ஓரமா...

கேப்டன்: தம்பி, உக்காருங்க.

தலைவர்: ஊசியை எடுத்துட்டீங்க! என்னம்மா?

கேப்டன்: ஆஸ்பத்திரில உங்கப்பா என்கிட்ட என்ன சொன்னார்னு ஒரு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே.

தலைவர்: ஆமா... நான் வெளிய டாக்டரோட பேசிக்கிட்டு இருந்தேன். நீங்க உள்ள இருந்தீங்க. திரும்பி வந்தா அவருக்கு நினைவு தப்பிடுச்சு. எத்தனை தரம் கேட்டேன், ‘அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்’னீங்க. என்னம்மா சொன்னார்? என்னைப் பத்தி ஏதாவது...

கேப்டன்: மைதானத்தைப் பத்திச் சொன்னார்.

தலைவர்: மைதானத்தைப் பத்தியா?

கேப்டன்: ‘அந்தத் தரை மேல ஒரு செங்கல் வைக்க விடாதே’ன்னார். ‘பொண்ணுங்க ஓடற சத்தம்தான் எனக்கு மண்டபம்’னார்.

தலைவர்: அப்பாவா! இவ்வளவு அழகாவா?

சுவர்: கடைசி நேரத்துல எல்லாருக்கும் நடை வந்துடும் தம்பி.

கேப்டன்: ‘எம் பையன் எனக்குச் சிலை வைப்பான், அவனைத் தடுக்காதே. ஆனா வாசல் கேட்டுக்கு வெளிய வைக்கச் சொல்லு. உள்ள வர்ற ஒவ்வொரு பொண்ணையும் நான்தான் முதல்ல பார்க்கணும்’னார்.

தலைவர்: சிலை வைப்பேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

கேப்டன்: பெத்தவருக்குத் தெரியாதா உங்களைப் பத்தி?

சுவர்: வெளிய வெச்சா பஸ்ல போறவங்க, நடந்து போறவங்க எல்லாரும் பார்ப்பாங்க தம்பி. மண்டபத்துக்குள்ள வெச்சா, ஹாலை வாடகைக்கு எடுத்தவங்க அவர் கையில செருப்புப் பையை மாட்டுவாங்க.

தலைவர்: சே! அப்பா கையிலயா... இருங்க, ஒரு போன் பேசிக்கறேன். ஹலோ, இன்ஜினியர் சார்? நாளைக்கு வர வேண்டாம்... இல்ல சார், தள்ளிப்போடல, ரத்து... அப்பாவோட கடைசி ஆசை சார்... ஆமா, செங்கல்னே சொன்னாராம்... மண்டபம் கிடையாது. சிலைக்கு மட்டும் கேட்டுக்கு வெளிய ஒரு மேடை போட்டுக் குடுங்க... அட்வான்ஸை அப்புறம் பேசலாம்.

சுவர்: தம்பி, பேப்பர்காரங்க யாரோ தெரிஞ்சவங்கன்னீங்களே. அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளைக்கே வந்துடும். உங்க படத்தோட.

தலைவர்: என் படத்தோடவா? அதுவும் சரிதான். ஹலோ, நான் கழகத் தலைவர்... ஒரு செய்தி. எழுதிக்கோங்க... “இந்த மைதானத்தில் யார் கட்டடம் எழுப்ப முயன்றாலும் என் பிணத்தின் மீதுதான் எழுப்ப முடியும்”... ஆமா, நான் சொன்னதாத்தான்... யார் எழுப்பப் பார்த்தாங்களா? அது... அதெல்லாம் வேண்டாம் சார், பொதுவாப் போடுங்க.

சுவர்: அடேயப்பா. பிணம் வரைக்கும் போயிட்டீங்க.

தலைவர்: மனசு நிறைஞ்சு போச்சும்மா. இவ்வளவு நாள் எதுக்கு இதைச் சொல்லாம வெச்சிருந்தீங்க?

கேப்டன்: சொல்ல ஒரு நேரம் வரணுமில்ல.

தலைவர்: வர்றேன். சிலைல அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே வரணும்னு சொல்லிடறேன். போன்ல எடுத்த படம் சரியா விழுந்துருக்கா பார்க்கறேன்... ஐயய்யோ, சுவரம்மா, இதுல நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன்!

சுவர்: அனுப்பிடுங்க தம்பி. அதான் அச்சு அசல்.

தலைவர்: அப்படியா? சரி... அந்தப் பந்து இங்கயே இருக்கட்டும். பொண்ணுங்களுக்குக் குடுத்துடுங்க. வர்றேன்மா.

சுவர்: படி பார்த்து தம்பி! ...போயிட்டாரா?

கேப்டன்: கார் கிளம்பிடுச்சு அண்ணி.

சுவர்: ஐயோ... இப்ப இருமிக்கறேன். தாயுள்ளம் கொண்ட சிரிப்பாம்! மதில் தாண்டி நம்மகிட்ட விழுந்த பந்தைப் பிடுங்கிட்டுப் போக வந்த மனுஷன், பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தான். நீயும் விடாம இழுத்தே. அந்த நேரம் பார்த்து முதலாளி கார் உள்ள வந்துச்சு, புது மெஷினைப் படம் எடுக்கப் பேப்பர்காரனோட.

கேப்டன்: முதலாளி இறங்கி, ‘என்னய்யா இது?’ன்னார். வேலை போச்சுன்னு நெனச்சேன். வாய் தானாச் சொல்லிடுச்சு, ‘மேனேஜர் ஐயா எங்களுக்குப் பந்து வாங்கிக் குடுத்திருக்கார்’னு.

சுவர்: முதலாளி அவன் முதுகுல தட்டி, ‘சபாஷ்’னார். அந்தச் சபாஷுக்கப்புறம் எப்படிப் பிடுங்குவான்? மைதானத்துக்கு எடம் வாங்கித் தந்தான், ஜெர்சி தந்தான், முதலாளி கேக்கறப்பெல்லாம் பந்தோட நின்னு படம் எடுத்துக்கிட்டான். அன்னைக்கு அவனை மாட்டி விட்டே. இன்னைக்கு அவன் பிள்ளையை.

கேப்டன்: இவரை நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு அண்ணி. அந்த மஞ்சப் பந்து...

சுவர்: எனக்கும்தான் சுருக்குன்னுச்சு. சரி, மைதானம் தப்பிச்சுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், மழுப்பாதே. அந்தச் செங்கல், ஓடற சத்தம்... அதெல்லாம் ஆஸ்பத்திரில அந்த ஆளு சொன்னதா?

கேப்டன்: ம்ம்... ம்.

சுவர்: ஊசியை எடு. என்கிட்டயே மறைச்சிருக்கேல்ல ஒரு வருஷமா? நிஜமா என்னதான் சொன்னார்?

கேப்டன்: என் கையைப் பிடிச்சுக்கிட்டார் அண்ணி. ‘முதலாளி தட்டிக்குடுத்ததுல எனக்கு எல்லாம் மறந்து போச்சு. வீட்டுக்குப் போனா பையன் வாசல்லயே நின்னுக்கிட்டு, என் பந்து எங்கப்பான்னான். கெடைக்கலைன்னுட்டேன். மறுநாள் பேப்பர்ல என் கையில அந்தப் பந்தைப் பார்த்தும், நல்ல வேளை, அவனுக்கு அடையாளம் தெரியல. நீயும் சொல்லிடாதே... இன்னும் அழுவான்’னார்.